பழைய தகர ஷெட்டு ஒழுகுது, பெயிண்ட் அடிக்கிறதா, மொத்தமா மாத்துறதா?

வட சென்னை கொருக்குப்பேட்டையில அப்பா காலத்து லேத்து பட்டறை, இருபதுக்கு முப்பது அடி சைஸுல நெளி தகர ஷெட்டு, போட்டு 25 வருஷம் ஆச்சு, போன மழையில நாலஞ்சு இடத்துல ஒழுகி ஒரு மோட்டாரே வீணாப்போச்சு, ஒருத்தர் வந்து மேல ஃபுல்லா வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா போதும்னுட்டாரு, இன்னொருத்தர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு கலர் ஷீட்டு போடுங்கன்னுட்டாரு, யாரை நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. பெயிண்டா ஷீட்டான்னு கேட்ட மாதிரி இருந்தாலும், இந்தக் கூரையில இன்னும் உயிர் இருக்கா, இருந்தா ஐப்பசி மழைக்குள்ள கம்மி செலவுல எப்படி காப்பாத்துறதுன்னுதான் உங்களுக்குத் தெரிஞ்சாகணும். ரெண்டு பேருமே கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு சொல்லிட்டுப் போனாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எனக்கு அங்கதான் இடிக்குது. மேல ஏறாம சொல்ற எந்த பதிலும், நான் இங்க சொல்றது உட்பட, பாதி பதில்தான். நான் ஃபேப்ரிகேஷன் ஆளு, ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் ஷெட்டு போடுறது பிரிக்கிறது ஒட்டு போடுறதுன்னு ரொம்ப வருஷமா இதுலயே கிடக்குறேன், அதனால நிச்சயமா சொல்லக்கூடியதையும் நேர்ல பார்த்தாத்தான் தெரியும்ங்கிறதையும் பிரிச்சே சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காந்தம் எடுத்துட்டுப் போய் ஷீட்டுல வச்சுப் பாருங்க. ஒட்டிச்சுன்னா ஜிஐ தகரம், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு, கீழ நான் சொல்றது எல்லாம் பொருந்தும். ஒட்டலைன்னா, கலரும் சாம்பலா கனமா இருந்தா, அது பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டா இருக்கலாம், நம்ம பக்கம் ரெண்டையும் கலந்து போட்ட ஷெட்டு நிறைய இருக்கு, பக்கத்து பக்கத்து ஷீட்டே வேற வேறயா இருக்கும். அதை வயர் பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, டிரில் பண்ணாதீங்க, பிரஷர் தண்ணி அடிக்காதீங்க, அந்தத் தூசு நுரையீரலுக்குள்ள போனா வர்ற வியாதி பல வருஷம் கழிச்சுதான் தெரியும். அது மேல கால் வைக்கவும் கூடாது, சத்தமே இல்லாம உடைஞ்சு ஆளை உள்ள விட்டுடும்.

தகரம்தான்னு வச்சுக்குவோம். நெளி தகரக் கூரை ஒழுகுதுன்னா தகரத்துல ஓட்டை விழுந்துடுச்சுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, ஆனா நான் பார்த்த வரைக்கும் ஷீட்டோட நடுவுல ஓட்டை விழுந்து ஒழுகுறது கடைசி கட்டம்தான், அதுக்கு ரொம்ப முன்னாடியே ஷீட்டை அடிச்சட்டத்தோட பிடிச்சு வைக்கிற ஜே ஹூக் போட்ட ஓட்டையில ஒழுக ஆரம்பிச்சிருக்கும். ஹூக்கோட நட்டுக்கு கீழ ஒரு தார் வாஷரும் அதுக்கு மேல ஒரு ஜிஐ வாஷரும் இருக்கும், வெயில்ல அந்த தார் வாஷர் காஞ்சு வெடிச்சு உதிர்ந்துடும், ஷீட்டு புத்தம் புதுசா இருந்தாலும் வாஷர் போச்சுன்னா ஒழுகத்தான் செய்யும். அடுத்தது ஷீட்டு மேல ஷீட்டு ஏறுற ஓவர்லேப்பு, அப்புறம் முகட்டு ரிட்ஜு, அப்புறம் பக்கத்து வீட்டு செவுத்துல ஷெட்டு போய் முட்டுற இடம். இந்த நாலுலயே முக்கால்வாசி ஒழுகல் அடங்கிடும், உங்க நாலஞ்சு இடமும் பெரும்பாலும் இதுக்குள்ளதான் வரும்.

தண்ணி சொட்டுற இடத்துக்கு நேர் மேல போய் பூசிட்டு வந்துடாதீங்க, எல்லாரும் ஏமாந்து போற இடம் அதுதான். மேல உள்ள வந்த தண்ணி ஷீட்டோட அடிப்பக்கமாவே சரிவுல ஓடி ஒரு ஆங்கிள்லயோ பைப்புலயோ தட்டி அங்கிருந்து சொட்டும், உள்ள வந்த இடம் அஞ்சாறு அடி மேல இருக்கும். நல்ல வெயில் நேரத்துல ஷட்டரை இறக்கிட்டு லைட்டை அணைச்சுட்டு உள்ள நின்னு பாருங்க, வெளிச்சம் ஊசி ஊசியா தெரியும், ஒவ்வொண்ணையும் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைங்க. வாஷர் ஓட்டையும் லேப்பும் இப்படி வெளிச்சத்துல தெரியாது, அதுக்கு ஹோஸ் பைப்புதான் வழி. ஒருத்தர் உள்ள நிக்கணும், இன்னொருத்தர் கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி ஒவ்வொரு இடத்துலயும் சில நிமிஷம் தண்ணி விடணும். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா லேப்பு மேலயும் ஓடி எது ஒழுகுதுன்னே புரியாம பேஜாராயிடும். இன்னொண்ணு, மார்கழி தை மாசம் விடியக்காலையில மழையே இல்லாம சொட்டுச்சுன்னா அது ஒழுகல் இல்ல, உள்ள இருக்கிற ஈரக்காத்து குளிர்ந்த தகரத்துல பட்டு வேர்க்குறது, அதுக்கு எவ்வளவு பூசினாலும் நிக்காது, காத்து போக வழி விட்டாத்தான் நிக்கும்.

இப்ப உயிர் இருக்கான்னு பாக்குற விஷயம். ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து துரு புடிச்ச இடத்துல, முக்கியமா ஹூக்கைச் சுத்தியும் லேப்போட ஓரத்துலயும், நல்லா அழுத்திக் குத்துங்க. டங்குன்னு நின்னா அந்த ஷீட்டு இன்னும் சில வருஷம் வரும், மேல செவப்பா இருக்கிறதைப் பார்த்து பயப்படாதீங்க. அப்பளம் மாதிரி நொறுங்குச்சுன்னா அந்த ஷீட்டு முடிஞ்சுது, அதுக்கு மேல என்ன பூசினாலும் பூச்சுதான் நிக்கும், ஷீட்டு நிக்காது. இதையே ஷீட்டைத் தாங்குற ஆங்கிள் பர்லின்லயும் பண்ணிப் பாருங்க, சவுக்குக் கம்பா இருந்தா குத்திப் பார்த்தா செல்லு அரிச்சது உடனே தெரிஞ்சுடும். ஷீட்டு எப்படி இருந்தாலும் பர்லின் போயிடுச்சுன்னா பேச்சே மாறிடுது, இதை மட்டும் எந்த போட்டோவைப் பார்த்தும் என்னால சொல்ல முடியாது, ஆள் போய் தட்டிப் பாக்கணும்.

நம்ம ஏரியாவுல தகரம் சீக்கிரம் போறதுக்கு காரணம் இருக்கு. ஜிஐ தகரத்துல இரும்பைக் காப்பாத்துறது மேல இருக்கிற துத்தநாகப் பூச்சு, அது தன்னைக் கரைச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும், கரைஞ்சு முடிஞ்ச அன்னைக்கு செவப்புத் துரு ஆரம்பிக்கும். கடல் காத்துல வர்ற உப்பும், மணலி எண்ணூர் பக்கம் கம்பெனிங்க விடுற கந்தகப் புகையும் அந்தப் பூச்சை வேகமா கரைக்கும். கடல் ஓரத்து காசிமேட்டுலயும் உள்ள தள்ளி இருக்கிற மாதவரத்துலயும் ஒரே நாள்ல ஒரே ஷீட்டைப் போட்டாலும் காசிமேட்டு ஷீட்டுதான் முதல்ல செவக்கும். மழை பட்டு கழுவிட்டுப் போற மேல்பக்கத்தை விட, உப்பு ஒட்டிக்கிட்டு கழுவாமயே கிடக்கிற அடிப்பக்கமும் லேப்போட உள்பக்கமும்தான் மோசமா இருக்கும். காத்துல பறக்கக் கூடாதுன்னு மேல செங்கல்லு, பழைய டயரு, மணல் மூட்டைன்னு வைப்பாங்க பாருங்க, அதுக்கு அடியில ஈரம் காயவே காயாது, அங்கதான் முதல்ல ஓட்டை விழும். பக்கத்து மாடி ஏசி தண்ணி நாள் முழுக்க சொட்டுற இடமும் இதே கதைதான், கூச்சப்படாம அவங்ககிட்ட சொல்லி ஒரு பைப்பு போட்டு திருப்பி விடச் சொல்லுங்க.

வேலைன்னு இறங்கினா போல்ட்டுல இருந்து ஆரம்பிங்க, செலவு கம்மி, பலன் ஜாஸ்தி. ஹூக்கு நல்லா இருந்தா நட்டைக் கழட்டி பழைய வாஷரைச் சுரண்டி எடுத்துட்டு, சுத்தம் பண்ணி, புது தார் வாஷர் கீழ, வளைஞ்ச ஜிஐ வாஷர் மேல, அதுக்கு மேல நட்டு. இதைத் தலைகீழா போட்டு வச்சிருக்கிறதை நான் நிறைய பார்த்திருக்கேன், அப்படிப் போட்டா வாஷர் இருந்தும் இல்லாத கணக்குதான். ஹூக்கே துருவுல இளைச்சுப் போயிருந்தா அறுத்துப் போட்டுட்டு, இரும்பு பர்லினா இருந்தா ரப்பர் வாஷரோட வர்ற செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போடலாம், அதுல ஈபிடிஎம் ரப்பரான்னு கேட்டு வாங்குங்க, சாதா ரப்பர் வெயிலுக்கு சீக்கிரம் வெடிச்சுடும். பழைய ஓட்டை பெருசாயிருக்கும், அதே ஓட்டையில சின்ன ஸ்க்ரூ போட்டா பிடிக்காது, ஒரு சைஸ் தடிமனா போடுங்க, இல்லன்னா பக்கத்துல புதுசா போட்டுட்டு பழைய ஓட்டைக்கு ஒட்டு வைங்க. எங்க போட்டாலும் நெளியோட மேட்டுலதான் வரணும், பள்ளத்துல போட்டா தண்ணி ஓடுற வழியிலயே ஓட்டை போட்ட மாதிரி ஆயிடும். டைட் பண்ணும்போது ரப்பர் லேசா அமுங்கி ஷீட்டுல உட்கார்ந்தா போதும், முறுக்கி ரப்பர் வெளிய பிதுங்குற வரைக்கும் போனா அது அடுத்த வருஷமே கிழியும்.

லேப்பு விஷயத்துல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ரெண்டு ஷீட்டு ஒட்டி கிடக்கிற சின்ன இடுக்குல, தூசும் சேர்ந்துட்டா, தண்ணி சரிவுக்கு எதிராவே மேல உறிஞ்சி ஏறும். சரிவு கம்மியா இருக்கிற ஷெட்டுல இது ஜாஸ்தி. 10 அடிக்கு ஒன்றே முக்கால் அடி இறக்கம்னா சுமார் 10 டிகிரி, அதுக்குக் கம்மின்னா லேப்பை சீல் பண்ணாம விடக்கூடாது. மேல் ஷீட்டு கீழ் ஷீட்டு மேல குறைஞ்சது 6 இஞ்ச் ஏறியிருக்கணும், பக்கவாட்டுல ஒன்றரை ரெண்டு நெளி. அப்புறம் காத்து. சென்னைக்கு வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டுது, அப்ப காத்து வடகிழக்குல, கடல் பக்கத்துல இருந்துதான் அடிக்கும். உங்க பக்கவாட்டு லேப்போட திறந்த வாய் கிழக்கைப் பார்த்து இருந்தா மழை நேரா உள்ள அடிக்கும், சாதாரண மழைக்கு ஒழுகாம புயல் மழைக்கு மட்டும் ஒழுகுற ஷெட்டு பெரும்பாலும் இந்தக் கேஸுதான். ஷீட்டைத் திருப்பிப் போட முடியாது, அதனால லேப்பை லேசா தூக்கி உள்ள இருக்கிற மண்ணை பிரஷ்ஷால எடுத்துட்டு, நடுவுல ரெண்டு பக்கமும் ஒட்டுற பியூட்டைல் டேப்பை (பிசுபிசுன்னு இருக்கிற ரப்பர் டேப்பு) நீளமா ஓட விட்டு, மேட்டுல ஒன்றரை அடிக்கு ஒரு ரிவிட்டு அடிச்சு சேர்த்து வைங்க. வெளிய தெரியுற ஓரத்துல மட்டும் சீலன்ட் இழுத்துட்டு வராதீங்க, வேற வழியா உள்ள போன தண்ணி வெளிய வர முடியாம அங்கயே நின்னு ரெண்டு ஷீட்டையும் உள்ளேர்ந்து தின்னும்.

ஊசி ஓட்டைக்கு மேல அலுமினியம் ஃபாயில் இருக்கிற பியூட்டைல் டேப்பு நல்லா வேலை செய்யும், ஆனா பாதிப் பேரு தயார் பண்ணாம ஒட்டிட்டு டேப்பைத் திட்டுறாங்க. வயர் பிரஷ்ல உதிர்ற துருவை எடுத்துட்டு, நல்ல தண்ணியில உப்பைக் கழுவிட்டு, ஒரு நாள் காய விட்டு, தின்னர்ல துடைச்சு, ஓட்டையைச் சுத்தி எல்லாப் பக்கமும் ரெண்டு மூணு இஞ்ச் வர்ற மாதிரி ஒட்டி, நெளியோட வளைவுல காத்து நிக்காம கட்டையால அழுத்தித் தேய்க்கணும். உப்பைக் கழுவாம ஒட்டினா அடியில துரு ஓடிக்கிட்டேதான் இருக்கும். நாணயம் அளவுக்கு மேல ஓட்டை இருந்தா டேப்பை மட்டும் நம்பாதீங்க, அதே நெளி உள்ள தகரத் துண்டு வெட்டி, முடிஞ்சா அதோட மேல் ஓரம் மேல் ஷீட்டுக்கு அடியில போற மாதிரி சொருகி, சுத்தி பியூட்டைல் வச்சு ரிவிட்டு அடிங்க. தண்ணி மேல இருந்து வரும்போது எந்த ஓரமும் அதுக்கு வாயைத் திறந்துகிட்டு நிக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

கடையில கொடுக்கிறதை எல்லாம் வாங்கிடாதீங்க. வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் பாத்ரூம் கண்ணாடிக்கு ஓகே, தகரத்துக்கு வேணாம், அதுல இருந்து வர்ற அமிலம் துத்தநாகத்தை அரிக்கும், நியூட்ரல் சிலிக்கானோ பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டோ கேட்டு வாங்குங்க. பிசைஞ்சு ஒட்டுற எபாக்ஸி புட்டியும் சிமெண்ட்டும் கல்லா இறுகிடும், தகரம் அப்படி சும்மா இருக்காது. 12 அடி ஷீட்டு ராத்திரி 25 டிகிரியில இருந்து மத்தியானம் 60 டிகிரிக்குப் போனா நீளத்துல சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விரியும், இது தினமும் நடக்குது, இறுகின பொருள் விரிசல் விட்டுத்தான் ஆகணும். தாரைக் காய்ச்சி ஊத்துறதும் அப்படித்தான், ஒரு கோடையில உருகி வழிஞ்சு அடுத்த வருஷம் காஞ்சு வெடிக்கும், அதைவிட பெரிய தொல்லை, பின்னாடி நல்ல டேப்பு ஒட்டலாம்னா தார் பூசின இடத்துல ஒட்டவே ஒட்டாது. செவுத்துல முட்டுற இடத்துலயும் சிமெண்ட்டை அப்பித்தான் வச்சிருப்பாங்க, அதைத் தட்டி எடுத்துட்டு, செவுத்துல ஒரு காடி வெட்டி, எல் ஷேப்புல தகரத்தை மடிச்சு அதுல சொருகி ஷீட்டு மேல இறக்கி விடுங்க. அந்தத் தகரத்தை செவுத்தோட மட்டும் பிடிங்க, ஷீட்டோட சேர்த்து இறுக்காதீங்க, ஷீட்டு அதுக்கு அடியில விரிஞ்சு சுருங்கட்டும்.

இப்ப அந்த பெயிண்ட்காரர் சொன்னதுக்கு வர்றேன். போல்ட்டு, லேப்பு, ஓட்டை எல்லாம் சரி பண்ணதுக்கு அப்புறம் பெயிண்ட் நல்லது, வெள்ளை கலர் போட்டா சூடு குறையும், சூடு குறைஞ்சா விரிஞ்சு சுருங்குறதும் குறையும், லேத்துல நிக்கிற ஆளுக்கும் நிம்மதி. ஆனா உதிர்ற துரு மேலயும் காஞ்ச வாஷர் மேலயும் நேரா அடிச்சா ஒரு மழைக்கு மூடி வைக்கும், அடுத்த வருஷம் தோல் உரிஞ்சு வரும். துரு இருக்கிற இடத்துக்கு ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர், துத்தநாகம் இன்னும் பளபளன்னு இருக்கிற இடத்துக்கு ஜிஐக்குன்னே வர்ற எட்ச் ப்ரைமர், சாதா ஆயில் பெயிண்ட் அது மேல நிக்காது. அதுக்கு மேல ரப்பர் மாதிரி இழுபடுற எலாஸ்டோமெரிக் கோட்டிங், லேப்பு மேலயும் ரிட்ஜு மேலயும் ஃபைபர் வலை வச்சு. எத்தனை வருஷம் வரும்னு டப்பா மேல போட்டிருக்கிறதை அப்படியே நம்பாதீங்க, கடல் எவ்வளவு பக்கம், அடியில எவ்வளவு சுத்தம் பண்ணாங்கங்கிறதைப் பொறுத்துதான் அது, கேரண்டி கொடுக்கிறவர்கிட்ட பில்லுல எழுதி வாங்குங்க.

மேல ஏறும்போது உஷாரு. மெயினை ஆஃப் பண்ணிடுங்க, சர்வீஸ் ஒயர் தகரத்துல உரசிக்கிட்டு இருந்தா ஏறவே ஏறாதீங்க, ஈபிக்கு சொல்லி சரி பண்ணிட்டு ஏறுங்க, ஒரே இடத்துல ஒயர் தோல் போயிருந்தா மொத்தக் கூரையும் கரண்ட்டு. போல்ட்டு வரிசை ஓடுற இடத்துலதான் பர்லின் இருக்கு, அது மேல பலகை போட்டு நடங்க, ரெண்டு வரிசைக்கு நடுவுல பழைய ஷீட்டுல மிதிக்காதீங்க. ஆவணி புரட்டாசியில சாயங்காலம் இடியோட மழை வந்துடும், பத்து மணிக்கு மேல தகரத்துல கை வைக்க முடியாது, அதனால விடிஞ்சதும் ஏறி வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடுங்க. நடுவுல திடீர்னு மழை பிடிச்சுக்கிட்டா தார்ப்பாயை முகட்டுக்கு ரெண்டு பக்கமும் இறங்குற மாதிரி இழுத்துக் கட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டா மேல் ஓரம் வழியா தண்ணி உள்ள போகும், மழை விட்டதும் எடுத்துடுங்க, மாசக்கணக்கா பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போட்டு மூடி வச்ச தகரத்தைப் பிரிச்சா அடியில சல்லடைதான்.

மாத்தச் சொன்னவரு முழுக்க தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஸ்க்ரூடிரைவர் டெஸ்ட்டுல மூணுல ஒரு பங்கு ஷீட்டுக்கு மேல நொறுங்குச்சுன்னா நான் ஒட்டு போட மாட்டேன், கூலிதான் தெண்டம், இந்த மூணுல ஒண்ணுங்கிறது என் கை அனுபவக் கணக்கு, புஸ்தகக் கணக்கு இல்ல. அதுக்குக் கம்மின்னா கெட்டுப்போன ஷீட்டை மட்டும் மாத்தலாம், ஆனா பழைய நெளியும் புது நெளியும் ஒரே அளவான்னு பார்த்துட்டு வாங்குங்க, ஒரு துண்டை வெட்டி கையில எடுத்துட்டு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போங்க, நெளி பொருந்தலைன்னா லேப்புல இடுக்கு விழுந்து புது ஒழுகல் ஆரம்பிக்கும். மொத்தமா மாத்துறதா இருந்தா, 55 சதவீதம் அலுமினியம் கலந்த பூச்சு இருக்கிற கால்வால்யூம் ஷீட்டு நம்ம கடல் காத்துக்கு சாதா ஜிஐயை விட நல்லா தாங்கும், விலை பேசும்போது தடிமனையும் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பூச்சுங்கிறதையும் கேளுங்க, கலரைப் பார்த்து வாங்காதீங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னைக்கு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல அடிச்ச காத்துல பறந்த ஷீட்டுல நிறைய ஓரத்துல இருந்துதான் கிளம்புச்சு, அதனால புது ஷீட்டோ பழைய ஷீட்டோ, கீழ் ஓரத்துலயும் முகட்டு ஓரத்துலயும் ரெண்டு மேட்டுக்கு ஒரு ஸ்க்ரூ, நடு வரிசையில கொஞ்சம் தள்ளித் தள்ளி. கீழ் ஓரத்துல தண்ணி வடியுற காடியையும் அப்படியே தூர்வாரிடுங்க, அரச இலையும் பட்டமும் அடைச்சுக்கிட்டு தண்ணி திரும்பி உள்ள வர்றதை கூரை ஒழுகுதுன்னு நினைச்சு செலவு பண்ணவங்களும் உண்டு.